கோடி உயிர்களைக் காத்த உப்புத் தண்ணீர்!

1971-ம் ஆண்டு, ஜூன் மாதம்.

கிழக்கு பாகிஸ்தானில் சண்டை நடந்துகொண்டிருந்தது. உயிருக்குப் பயந்த மக்கள் எல்லையைத் தாண்டி இந்தியாவுக்குள் ஓடிவந்தார்கள். ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் அல்ல. அந்த ஆண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடிப் பேர்!

மேற்கு வங்காளத்தில், எல்லை ஓரத்தில், போங்காவ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயும் அகதிகள் வந்து குவிந்தார்கள். அது மழைக்காலம். ஒதுங்க இடம் இல்லை. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. கொஞ்ச நாளில் காலரா புகுந்தது.

கல்கத்தாவில் இருந்து ஒரு டாக்டர் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் பெயர் திலீப் மகலனாபிஸ். குழந்தை வைத்தியர். வயது 36.

(புள்ளிவிவர மேதை பிரசாந்த சந்திர மகலனோபிஸ் வேறு, இவர் வேறு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.)

ஆஸ்பத்திரியில் கட்டில்கள் நிரம்பிவிட்டன. தரை முழுவதும் நோயாளிகள். வாந்தியிலும் பேதியிலும் கிடந்தார்கள். அவர்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டுமானால், டாக்டரும் அந்த அசுத்தத்திலேயே மண்டியிட வேண்டும்.

அப்போது காலராவுக்கு வழக்கத்தில் இருந்த வைத்தியம் ஒன்றுதான். ரத்தக் குழாயில் ஊசி குத்தி, "சலைன்" தண்ணீர் ஏற்றுவது. ஆனால் சலைன் பாட்டில்கள் வேகமாகக் காலியாகிக்கொண்டிருந்தன. ஊசி குத்திச் சலைன் ஏற்றத் தெரிந்தவர்கள், அவரோடு வந்தவர்களில் 2 பேர்தான்.

நோயாளிகளோ நூற்றுக்கணக்கில்!

என்ன செய்வது?

டிரம்மில் கரைத்தார்

மகலனாபிஸ் ஒரு முடிவுக்கு வந்தார். "ரத்தக் குழாயில் ஏற்ற முடியாவிட்டால், வாயால் குடிக்கக் கொடுப்போம்" என்பதுதான் அந்த முடிவு.

1 லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளூக்கோஸ், 3½ கிராம் சாப்பாட்டு உப்பு, 2½ கிராம் சோடா உப்பு (நம் வீட்டு ஆப்ப சோடாதான்). இவ்வளவுதான் மருந்து!

கல்கத்தாவில், அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில், இவற்றை எடை போட்டுப் பிளாஸ்டிக் பைகளில் அடைத்தார்கள். பையின் வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்டினார்கள். பைகள் போங்காவுக்குப் போயின. அங்கே பெரிய டிரம்களில் தண்ணீர் பிடித்து, மருந்தைக் கரைத்து வைத்தார்கள்.

டம்ளரில் பிடித்து நோயாளிக்குப் புகட்டியது யார்? நர்சுகள் அல்ல. நோயாளியின் தாய், மனைவி, அண்ணன், தம்பி! இந்த மருந்தைக் கொடுக்க ஊசி வேண்டாம், படிப்பும் வேண்டாம். பொறுமை இருந்தால் போதும்.

மயங்கிக் கிடந்தவர்களுக்கு மட்டும் முதலில் சலைன் ஏற்றினார்கள். அவர்களும் கண் விழித்ததும் டம்ளருக்கு மாறினார்கள்.

அதற்கு முன்பு அந்த முகாம்களில், காலரா வந்த 100 பேரில் 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். மகலனாபிஸ் குழுவினர் சுமார் 2 மாதத்தில் 3,700 பேருக்கு மேல் வைத்தியம் செய்தார்கள். சாவு 100-க்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

இன்று மருந்துக் கடையில் "ஓ.ஆர்.எஸ்." என்று கேட்டால் கொடுக்கிறார்களே ஒரு பாக்கெட், அது உலகம் முழுவதும் பரவுவதற்குக் காரணமாக இருந்தது இந்த டிரம் தண்ணீர்தான்.

கெடாத வாசல்

உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரில் அப்படி என்ன அதிசயம் இருக்கிறது?

காலரா வந்தவர் கிருமியால் நேராகச் சாவது இல்லை. உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுவதால்தான் சாகிறார். கடுமையான காலராவில் 1 மணி நேரத்துக்கு 1 லிட்டர் வரைகூடத் தண்ணீர் போய்விடும். காலையில் எழுந்து நடமாடியவர் மாலையில் பிணமாவது இதனால்தான். நம் கிராமங்களில் "வாந்திபேதி" என்றாலே ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியதும் இதனால்தான்.

கிருமி எப்படி இந்த வேலையைச் செய்கிறது என்பது நீண்ட காலம் புரியாமல் இருந்தது. ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து, 1884-ல் காலராக் கிருமியை ஆராய்ந்தார். ஆனால் அந்தக் கிருமி கக்குகிற விஷத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல மேலும் 75 ஆண்டுகள் ஆயின. 1959-ல் அதைச் சொன்னவர் ஓர் இந்தியர். கல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் டே. முயலின் குடலை வைத்து அவர் சோதனை செய்தார். கிருமியை எடுத்துவிட்டு, கிருமி வளர்ந்த நீரை மட்டும் செலுத்தினாலும் குடலுக்குள் தண்ணீர் கொட்டுகிறது என்று காட்டினார். இவருக்கு நோபல் பரிசு கொடுக்க வேண்டும் என்று, நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஒருவரே சிபாரிசு செய்தார். பரிசு வரவில்லை. இந்த நாட்டில் அவர் பெயரைத் தெரிந்தவர்களும் குறைவு.

சரி, குடலுக்கு வருவோம்.

குடலின் சுவரை ஒரு பெரிய வீடு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பல வாசல்கள். காலரா விஷம் சில வாசல்களைக் கெடுத்துவிடுகிறது. அதனால் உள்ளே போக வேண்டிய உப்பு போவது இல்லை. உள்ளே இருக்கிற உப்பும் தண்ணீரும் வெளியே கொட்டுகின்றன. வெறும் தண்ணீரைக் குடித்தால் அது தங்காது. உப்புத் தண்ணீரை மட்டும் குடித்தாலும் தங்காது.

ஆனால் ஒரே ஒரு வாசல் கெடாமல் இருக்கிறது! அது ஒரு விசித்திரமான வாசல். உப்பு தனியாக வந்தால் திறக்காது. சர்க்கரை தனியாக வந்தாலும் திறக்காது. இரண்டும் கைகோத்து வந்தால் திறக்கும். அவை உள்ளே போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும்.

1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இந்த ரகசியத்தை வெளியிட்டார். 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்ற 2 இளம் அமெரிக்க டாக்டர்கள், கடுமையான காலரா நோயாளிகளுக்கும் இந்த முறை பலிக்கும் என்று நிரூபித்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1953-ல், ஹேமேந்திர நாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா டாக்டர், காலரா வந்த 186 பேருக்கு உப்பும் குளூக்கோசும் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுத்துக் குணப்படுத்தினார். லண்டன் மருத்துவப் பத்திரிகையில் அதை எழுதவும் செய்தார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. உப்புத் தண்ணீரைக் குடித்துக் காலரா குணமாவதாவது என்று நினைத்தார்களோ என்னவோ! அவர் பேச்சை அப்போதே கேட்டிருந்தால், எத்தனை வீடுகளில் ஒப்பாரி இல்லாமல் போயிருக்கும்!

ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்

போர் முடிந்து வங்காளதேசம் பிறந்தது. அங்கே பேதியால் குழந்தைகள் செத்துக்கொண்டே இருந்தார்கள். பாக்கெட் வாங்கக் கடை இல்லை, காசும் இல்லை.

"பிராக்" என்ற தொண்டு நிறுவனம் ஒரு வழி கண்டது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு. ஒரு பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர். இதைக் கரைக்கத் தாய்மார்களுக்கு வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். 1980 முதல் 1990 வரை, 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் படி ஏறினார்கள்! எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களே பெரும்பாலோர். விரலும் கையும்தான் அவர்களுக்குத் தராசு.

சொல்லிக் கொடுக்கப் போன பெண்களுக்குச் சம்பளம் கொடுத்த முறை வேடிக்கையானது. எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று பார்த்துச் சம்பளம் இல்லை. சுமார் ஒரு மாதம் கழித்து வேறொருவர் அதே வீட்டுக்குப் போவார். "அம்மா, அந்த உப்புத் தண்ணீரைக் கரைத்துக் காட்டுங்கள்" என்பார். தாய் சரியாகக் கரைத்தால்தான் சொல்லிக் கொடுத்தவளுக்கு முழுச் சம்பளம்!

அப்படியும் முதலில் ஒரு சங்கடம் வந்தது. தாய்மார்கள் ஒப்பித்தார்கள். கரைத்தும் காட்டினார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது மிகச் சிலரே அதைக் கொடுத்தார்கள்.

ஏன் என்று விசாரித்தார்கள். பதில் கிடைத்தது. சொல்லிக் கொடுத்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை! தங்களுக்குப் பேதி வந்தால் அவர்கள் மாத்திரைதான் விழுங்கினார்கள்.

பிறகு அவர்களை ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போய், இந்தத் தண்ணீர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார்கள். வீட்டு ஆண்களையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். தாய் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. "இது என்ன கைவைத்தியம், டாக்டரிடம் போ" என்று வீட்டுக்காரர் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அதன் பிறகே பழக்கம் வேரூன்றியது.

அவநம்பிக்கைக்கு வேறொரு காரணமும் உண்டு. ஓ.ஆர்.எஸ். குடித்தால் பேதி உடனே நிற்காது. அது பேதியை நிறுத்துகிற மருந்தே அல்ல. போன தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கிற மருந்து. பேதி தானாக நிற்கிறவரை உயிரைப் பிடித்து வைப்பது அதன் வேலை. இது தெரியாமல், "இரண்டு டம்ளர் கொடுத்தும் நிற்கவில்லையே" என்று கைவிடுகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். இன்னும் சிலர், தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்று குழந்தையின் வாயைக் கட்டிவிடுகிறார்கள். அது கொடுமை. அதனால்தான் குழந்தைகள் சாகின்றன.

டாக்டர்கள் ஏன் எழுதவில்லை?

1980-ம் ஆண்டு வாக்கில் உலகத்தில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு 46 லட்சம் பேர் பேதியால் இறந்தார்கள் என்று கணக்கிட்டார்கள். இப்போது அது 5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. நல்ல தண்ணீர், கழிப்பிடம், தடுப்பு மருந்து எல்லாம் இதற்குக் காரணம். இந்தியாவிலும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016-ல் 4 மாநிலங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்தது. என்றாலும் ஓ.ஆர்.எஸ். காப்பாற்றிய உயிர்கள் மட்டும் 5 கோடிக்கு மேல் இருக்கும் என்று சொல்கிறார்கள்.

ஆனால் பிறந்த நாடான இந்தியாவில் அதன் நிலை என்ன?

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பேதி வந்த 100 குழந்தைகளில் 61 பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. மீதி 39 பேருக்கு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற பாக்கெட் இது!

இதன் காரணத்தை அறிய, கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. முடிவு 2024-ல் வெளியாயிற்று. அதற்காகச் சிலரை நடிக்கப் பழக்கினார்கள். "வீட்டில் 2 வயதுக் குழந்தைக்குப் பேதி" என்று சொல்லி, தனியாராக வைத்தியம் செய்யும் 2,000-க்கு மேற்பட்டவர்களிடம் அவர்கள் போனார்கள்.

ஓ.ஆர்.எஸ். நல்லது என்பது வைத்தியம் செய்கிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பலர் எழுதவில்லை. கடையில் பாக்கெட் இல்லாததோ, வேறு மருந்தை விற்றால் லாபம் என்பதோ முக்கிய காரணமாகத் தெரியவில்லை. "இதை எழுதினால் வந்தவருக்குப் பிடிக்காது, பெரிய மருந்தாக எதிர்பார்ப்பார்" என்று வைத்தியர்கள் எண்ணியதுதான் பெரிய காரணம்!

அதே ஆராய்ச்சியில், நடிக்கப் போனவர்களில் சிலர், தங்களுக்கு ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று தெரியப்படுத்தினார்கள். உடனே, 100-க்கு 27 என்ற அளவில் அதைக் கொடுப்பது கூடியது. வாய் திறந்து கேட்டதன் பலன்!

பெயரில் நடந்த போராட்டம்

2025-ல் இன்னொரு செய்தி வந்தது.

கடைகளில் இனிப்புப் பானங்கள் அழகான பெட்டிகளில் விற்கப்பட்டன. பெயரில் "ஓ.ஆர்.எஸ்." என்ற எழுத்துகள் பெரிதாக இருந்தன. ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைவிடப் பல மடங்கு சர்க்கரை அவற்றில் இருந்தது.

சர்க்கரை கூடினால் என்ன கெடுதல்? உப்புப் போட்ட மாங்காய் ஜாடியில் நீர் விடுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். உப்பு, மாங்காயில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. குடலில் சர்க்கரை மிஞ்சிக் கிடந்தாலும் அதே கதைதான். உடம்பின் தண்ணீரை அது குடலுக்குள் இழுக்கும். பேதி அதிகமாகும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனமே 2002-ல் தன் பழைய அளவைக் குறைத்தது. இப்போது 1 லிட்டருக்கு 13½ கிராம் குளூக்கோஸ், 2.6 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட், 1½ கிராம் பொட்டாசியம் குளோரைடு. ஆக மொத்தம் 20½ கிராம்.

இனிப்புப் பானங்களை எதிர்த்து, ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார். கோர்ட்டுக்கும் போனார். 2022-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடை செய்துவிட்டு, சில மாதங்களிலேயே, "இது உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவை அல்ல" என்ற வாசகத்தோடு விற்கலாம் என்று விட்டுக்கொடுத்தது. பொடி எழுத்தில் இருக்கும் அதை எந்தத் தாய் படிப்பாள்? கடைசியில் 2025 அக்டோபர் 14-ந் தேதி, அந்த அனுமதியும் ரத்தாயிற்று. பானங்களின் பெயரில் முன்னாலோ பின்னாலோ "ஓ.ஆர்.எஸ்." என்று சேர்க்கவே கூடாது என்று உத்தரவு வந்தது.

மகலனாபிஸ் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 2022 அக்டோபர் 16-ந் தேதி, 87-வது வயதில் கொல்கத்தாவில் காலமானார். 2023 ஜனவரியில் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் ஜூலை 29-ந் தேதி ஓ.ஆர்.எஸ். தினமாகக் கொண்டாடப்படுகிறது.

எப்படிக் கொடுப்பது?

மருந்துக் கடையில் பெரிய பாக்கெட்டும் இருக்கிறது, சின்ன பாக்கெட்டும் இருக்கிறது. பெரியது 1 லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 200 மில்லிக்கு, அதாவது ஒரு டம்ளருக்கு. எது எவ்வளவு என்பது பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கொட்டிக் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட்டைப் போட்டு மீதியை மடித்து வைப்பது கூடாது. ருசிக்காக மேலும் சர்க்கரை போடுவதும் கூடாது.

ஒவ்வொரு தடவை பேதி ஆன பிறகும், 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை, பெரிய குழந்தைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை கொடுக்கலாம். கைக்குழந்தைக்கு ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சாப்பிடுகிற குழந்தைக்குச் சாதமும் கஞ்சியும் உண்டு. இத்துடன் டாக்டர் சொல்கிறபடி துத்தநாக மாத்திரையும் (ஜிங்க்) 14 நாள் கொடுக்க வேண்டும்.

பாக்கெட் கிடைக்காத ஊரில், 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் ஆபத்து.

கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராமல், குடிக்கவும் முடியாமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போகிற வழியிலும் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போகலாம்.

கரைத்த தண்ணீரை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மிஞ்சினால் கொட்டிவிட்டு, புதிதாகக் கரைக்க வேண்டும்.